குடிவழியும் மரபணுவும்: கல்முனைக் கரையில் வலிப்பு நோயை விசாரித்தல்

வலிப்பு வந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும் உம்மாவிடம் சிறுபிள்ளை வாட்டில் கேட்கும் கேள்விகளில் ஒன்று, "குடும்பத்தில் வேறு யாருக்கும் பிட்ஸ் இருந்ததா?" என்பது. "இல்லை" என்ற பதில் சுலபமாக வந்துவிடும். கொப்பியில் அப்படியே எழுதப்படும். அடுத்த கேள்விக்குப் போவார்கள்.

அந்த உம்மா பொய் சொல்லவில்லை. எதை வலிப்பு என்று எண்ண வேண்டும் என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. ராத்தாவின் மகனுக்கு இரண்டு வயதில் காய்ச்சலோடு கை கால் வெட்டி இழுத்தது. வீட்டில் அதற்குப் பெயர் காய்ச்சல். மாமாவுக்குச் சிறுவயதில் வகுப்பறையில் சில நொடிகள் பேச்சு மூச்சின்றி வெறித்துப் பார்க்கும் வழக்கம் இருந்தது. அதைக் கவனக்குறைவு என்றார்கள். உம்மம்மாவுக்குக் காலையில் கை திடீரென உதறும், தேநீர்க் கோப்பை விழும். அது நரம்புத் தளர்ச்சி. உம்மாவுக்கு மூத்ததாகப் பிறந்த பிள்ளை எட்டு மாதத்தில் "ஜன்னி கண்டு" மௌத்தாகிவிட்டது. அதைப்பற்றி யாரும் பேசுவதில்லை. இது எந்த ஒரு வீட்டின் கதையும் அல்ல. ஆனால் கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று என்று எந்த ஊரில் வைத்துச் சொன்னாலும் ஒரு துண்டாவது பொருந்தும் வீடுகள் இருக்கும். இந்த நான்கு பேரின் நிலையும் ஒரே மரபணுவில் நேர்ந்த ஒரே மாற்றத்தின் விளைவாக இருக்கக்கூடும் என்பதே மருத்துவம் கடந்த முப்பது ஆண்டுகளில் கற்றுக்கொண்ட பெரிய பாடம்.

அந்தப் பாடம் தொடங்கிய இடம் அவுஸ்திரேலியா. 1997ல் மெல்பேர்னைச் சேர்ந்த இங்கிரிட் ஷெஃபர், சாமுவேல் பெர்கோவிக் என்ற இரு நரம்பியலாளர்கள் ஒரு பெருங்குடும்பத்தை விவரித்து எழுதினார்கள். 1700களின் நடுப்பகுதிவரை பின்னோக்கிச் செல்லும், சுமார் 2,000 பேர் கொண்ட வம்சாவளி அது. வலிப்பு வந்தவர்களில் சிலருக்குக் காய்ச்சல் வலிப்பு மட்டும். சிலருக்கு ஆறு வயதில் நிற்க வேண்டிய காய்ச்சல் வலிப்பு அதற்குப் பிறகும் தொடர்ந்தது. சிலருக்குக் காய்ச்சலே இல்லாமல் வந்தது. ஒருசிலருக்கு மட்டும் கட்டுக்கடங்காத வலிப்பும் அறிவு வளர்ச்சிக் குறைவும் சேர்ந்து இருந்தன. ஒவ்வொருவரையும் தனித்தனியே பார்த்த வைத்தியர்கள் தனித்தனி நோய்ப் பெயர் எழுதியிருப்பார்கள். வம்சாவளியாக வரைந்தபோதுதான் அது ஒரே நோயாகத் தெரிந்தது. ஜெஃப்ஸ் பிளஸ் என்று அதைச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

1998ல் எஸ்சிஎன்1பி என்ற மரபணுவும், 2000ல் எஸ்சிஎன்1ஏ என்ற மரபணுவும் இத்தகைய குடும்பங்களில் பிடிபட்டன. எஸ்சிஎன்1ஏ இரண்டாம் நிறமூர்த்தத்தில் உள்ளது. நரம்புக்கலத்தின் சவ்வில் சோடியத்தை உள்ளே விடும் வாயில் ஒன்றைச் செய்வதற்கான குறிப்பு அதில் எழுதப்பட்டிருக்கிறது. மூளையில் தூண்டும் கலங்களும் உண்டு, அடக்கும் கலங்களும் உண்டு. இந்த வாயில் பெரிதும் தேவைப்படுவது அடக்கும் கலங்களுக்கு. அது பழுதானால் அடக்கும் பக்கம் சோர்ந்துவிடும், தூண்டும் பக்கம் தடையின்றி ஓடும். உடல் சூடேறும்போது நிலைமை இன்னும் மோசமாகும். இந்தக் குடும்பங்களில் வலிப்பு காய்ச்சலோடு தொடங்குவது இதனால்தான்.

இதே மரபணுவின் இரு பிரதிகளில் ஒன்று முழுமையாகச் செயலிழந்தால் வருவது ட்ரவே நோய். பிரெஞ்சு வைத்தியர் சார்லட் ட்ரவே 1978ல் அதை விவரித்தார். நன்றாகப் பிறந்து, சிரித்து, தவழ்ந்துகொண்டிருக்கும் பிள்ளைக்கு ஐந்தாறு மாதத்தில் நீண்ட நேர வலிப்பு வரும். இரண்டாம் வயதுக்குள் வளர்ச்சி தேங்கும். நடையும் பேச்சும் பின்னடையும். 2001ல் அன்ட்வேர்ப் ஆய்வாளர்கள் ஏழு ட்ரவே பிள்ளைகளைப் பரிசோதித்தபோது ஏழு பேரிடமும் எஸ்சிஎன்1ஏ பழுதாகியிருந்தது. அந்தப் பழுது தாயிடமும் இல்லை, தந்தையிடமும் இல்லை. பிள்ளை கருவாகும்போது புதிதாக உண்டானது.

முதல் வலிப்பு பெரும்பாலும் தடுப்பூசி போடும் வயதிலேயே வருவதால் பழி ஊசிமீது விழும். ஊசியால் மூளை கெட்டது என்று கருதப்பட்ட 14 பேரை 2006ல் பெர்கோவிக்கின் குழு மறுபரிசோதனை செய்தது. 11 பேரிடம் எஸ்சிஎன்1ஏ மாற்றம் இருந்தது. ஊசிக்குப் பின் வரும் காய்ச்சல் முதல் வலிப்பைச் சற்று முன்னதாக வரவழைத்திருக்கலாம்; நோயை உண்டாக்கியது ஊசி அல்ல. தடுப்பூசி பற்றிய வதந்தி கைத்தொலைபேசிகளில் வேகமாகப் பரவும் இந்தக் காலத்தில் எங்கள் ஊர்களில் இந்தச் செய்தியை ஒவ்வொரு குடும்ப நல உத்தியோகத்தரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

மரபணுவின் பெயர் தெரிவதால் பிள்ளைக்கு என்ன பயன் என்று கேட்கலாம். மருந்து மாறும். கார்பமாசெபின் வலிப்புக்குப் பரவலாகக் கொடுக்கப்படும் நல்ல மருந்து. அது சோடியம் வாயில்களை அடைத்து வேலை செய்கிறது. ஏற்கெனவே அந்த வாயில் குறைந்திருக்கும் ட்ரவே பிள்ளைக்கு அதையே கொடுத்தால் வலிப்பு கூடும். எஸ்சிஎன்2ஏ என்ற அண்டை மரபணுவில் கதை இன்னும் நுட்பமானது. அதில் வாயில் அளவுக்கு மீறித் திறக்கும் மாற்றம் இருந்தால் பிறந்து மூன்று மாதத்துக்குள் வலிப்பு தொடங்கும்; கார்பமாசெபின் வகை மருந்துகளுக்கு அது நன்றாகக் கேட்கும். வாயில் மூடிக்கொள்ளும் மாற்றமாக இருந்தால் வலிப்பு பிந்தி வரும், அல்லது வலிப்பே இல்லாமல் ஓட்டிசம் மட்டும் வரும். அங்கே அதே மருந்து கெடுதி செய்யலாம். மரபணு ஒன்றுதான். பழுது எந்தத் திசையில் நேர்ந்தது என்பதே நோயைத் தீர்மானிக்கிறது.

ஒரே மாற்றத்தைச் சுமக்கும் அண்ணனுக்கும் தங்கைக்கும் ஏன் ஒரே நோய் வருவதில்லை? ஒற்றைக் காரணம் கிடையாது. பெற்றோரில் ஒருவருக்கு அந்த மாற்றம் உடலின் ஒரு பகுதிக் கலங்களில் மட்டும் இருக்கலாம். கருவுற்றபின் உண்டான பழுது அது. அவருக்குச் சிறுவயதில் ஒரு காய்ச்சல் வலிப்போடு போய்விடும். அவருடைய விந்து அல்லது முட்டை வழியே பிள்ளைக்கு மாற்றம் முழுதாகப் போகும்போது கடும் நோயாக வெளிப்படும். மற்ற ஆயிரக்கணக்கான மரபணுக்களின் சிறு சிறு வேறுபாடுகள் பழுதைத் தாங்கிக்கொள்ளவோ கூட்டவோ செய்யும். பிசிடிஎச்19 என்ற எக்ஸ் நிறமூர்த்த மரபணு விசித்திரமானது. அதன் மாற்றத்தைச் சுமக்கும் ஆணுக்குப் பொதுவாக ஒன்றும் வராது. அவர் மகள்களுக்கு வலிப்பு வரும். பிஆர்ஆர்டி2 மாற்றம் ஒரு வீட்டில் ஒருவருக்குக் குழந்தைப் பருவ வலிப்பாகவும், இன்னொருவருக்குத் திடீரென எழுந்து நடக்கும்போது கை கால் முறுக்குவதாகவும், வேறொருவருக்கு ஒற்றைத் தலைவலியாகவும் தோன்றும்.

எங்கள் பிரதேசத்தின் சமூக அமைப்பு மருத்துவத்துக்கு உதவக்கூடிய ஓர் இடம் உண்டு. அதைப்பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

அம்பாறைக் கரையில் முஸ்லிம்களும் தமிழர்களும் தாய்வழிக் குடிமுறையைப் பேணி வந்தவர்கள். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே 1969ல் அக்கரைப்பற்றில் கள ஆய்வைத் தொடங்கி, பல பத்தாண்டு உழைப்பை 2008ல் ஒரு பெரிய நூலாகத் தந்திருக்கிறார். பிள்ளை தாயின் குடியைச் சேரும். ஒரே குடிக்குள் கட்டக்கூடாது. பள்ளிவாசல் நிர்வாகத்தில் மரைக்கார்மார் குடிவாரியாக இடம்பெற்றிருந்தார்கள். வீடு மகளுக்குச் சீதனமாகப் போகும்; மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியேறுவார்; அடுத்த மகளுக்காகப் பக்கத்திலேயே இன்னொரு வீடு எழும்பும். இளையவர்களில் பலருக்கு இன்று தம் குடிப்பெயர் தெரியாது. ஆனாலும் உம்மம்மா, உம்மா, சாச்சி, ராத்தா எல்லோரும் வேலிக்கு வேலி அருகில் வாழும் ஒழுங்கு பெருமளவு நிலைத்திருக்கிறது.

மனிதக் கலத்தில் தாய்வழியே மட்டும் செல்லும் ஒரு மரபுச் சரடு உண்டு. கலத்துக்குச் சக்தி தயாரிக்கும் மைட்டோகொண்ட்ரியா எனும் இழைமணிகளுக்கு அவற்றுக்கே உரிய சிறு டிஎன்ஏ வளையம் இருக்கிறது. 16,569 எழுத்துகள், 37 மரபணுக்கள். தாயின் முட்டை வழியாக மகனுக்கும் மகளுக்கும் இது கிடைக்கும். மகள் அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பாள். மகன் பெறுவான், கொடுக்க மாட்டான். குடி இறங்கும் வழியும் எழுத்துப் பிசகாமல் இதுவே.

1990ல் இழைமணி டிஎன்ஏயின் இரண்டு மாற்றங்கள் வலிப்போடு தொடர்புபடுத்தப்பட்டன. 8344ஆம் எழுத்தின் மாற்றம் உடல் உதறும் வலிப்பையும் தசைத் தளர்ச்சியையும் தருகிறது. 3243ஆம் எழுத்தின் மாற்றம் இளவயதிலேயே பக்கவாதம் போன்ற தாக்கங்களையும் வலிப்பையும் தருகிறது. ஒரு கலத்தில் நூற்றுக்கணக்கான இழைமணிகள் உள்ளன. அவற்றில் எத்தனை பழுதானவை என்பது ஆளுக்கு ஆள் மாறும், ஒரே ஆளின் உறுப்புக்கு உறுப்பும் மாறும். 3243 மாற்றம் கொண்ட குடும்பத்தில் உம்மம்மாவுக்கு நீரிழிவும் காது மந்தமும், சாச்சிக்கு வாந்தியோடு வரும் கடும் தலைவலி, மாமாவுக்குக் குட்டை உடலும் சோர்வும், பேரப்பிள்ளைக்கு வலிப்பும் படிப்பில் பின்னடைவும் என்று பிரிந்து நிற்கும். நீரிழிவு நம்மிடையே வேறு காரணங்களாலேயே நிறைய இருக்கிறது. அதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது. நீரிழிவு, செவிட்டுத்தன்மை, வலிப்பு மூன்றும் ஒரே தாய்வழியில் சேர்ந்து வந்தால் அது சொல்லப்பட வேண்டிய செய்தி. இழைமணிக் கோளாறு என்று சந்தேகம் எழுந்தால் சோடியம் வல்புரோயேட் என்ற மருந்தைக் கொடுக்க வைத்தியர்கள் மிகவும் தயங்குவார்கள். சில வகைக் கோளாறுகளில் அது ஈரலை அழித்து உயிரைப் பறிக்கும்.

இந்தக் கரையில் இந்நோய் அதிகம் என்று நான் சொல்லவில்லை. சொல்ல வருவது வேறு. தாய்வழி உறவுகள் சிதறாமல் ஒரே வளவில் வாழும் சமூகங்கள் உலகில் குறைவு. கொழும்பு நிபுணர் ஒருவர் தாள் தாளாகக் கேள்வி கேட்டும் பெற முடியாத வரலாற்றை இங்கே ஓர் அஸர் நேரத்தில் வளவைச் சுற்றி உட்கார்ந்து எழுதிவிடலாம். இப்படியொரு வசதியை நாம் இதுவரை பயன்படுத்தவில்லை.

சொந்தத்தில் கட்டுவது பற்றிய பேச்சுக்கு வருவோம். இதில் இரு தரப்பும் மிகைப்படுத்துகின்றன. ஒன்று, எல்லா நோய்க்கும் மச்சான் கலியாணமே காரணம் என்கிறது. மற்றது, மார்க்கம் அனுமதித்ததில் கேடே இல்லை என்கிறது.

கணக்கு இப்படி. மாமன் மகளும் மாமி மகனும் தங்கள் மரபணுக்களில் எட்டில் ஒரு பங்கைப் பகிர்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைக்கு குறிப்பிட்ட ஒரு மரபணுவின் இரு பிரதிகளும் ஒரே மூதாதையிடமிருந்து வர 16ல் ஒரு வாய்ப்பு. தமிழ்நாட்டில் இந்துக்களிடையே வழக்கிலிருக்கும் தாய்மாமன் திருமணத்தில் இது எட்டில் ஒன்று. இஸ்லாத்தில் அத்திருமணம் விலக்கப்பட்டிருப்பதால் எங்கள் ஊர்களில் அந்த அளவு நெருக்கம் இல்லை. குடிமுறை தாயின் சகோதரி பிள்ளைகளைச் சகோதரர்களாக்கித் தடுக்கிறது, மாமன் மாமி பிள்ளைகளை அனுமதிக்கிறது. மரபணுக் கணக்கில் இரு தரப்பும் சம நெருக்கம். ஒடுங்கிய மரபணு நோய்களிலிருந்து, அதாவது இரு பிரதிகளும் பழுதானால் மட்டுமே வரும் நோய்களிலிருந்து, குடிமுறை காப்பதில்லை.

இங்கிலாந்தின் பிராட்ஃபோர்ட் நகரில், பாகிஸ்தான் வம்சாவளிக் குடும்பங்களிலும் பிற குடும்பங்களிலும், 11,000க்கு மேற்பட்ட குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வு 2013ல் வெளியானது. பிறவிக் குறைபாட்டின் வாய்ப்பு சாதாரணமாக 100க்கு 3; பெற்றோர் ஒன்றுவிட்ட சகோதர உறவினராக இருந்தால் 100க்கு 6. இருமடங்கு என்றால் அச்சமூட்டும். 94 பிள்ளைகளுக்குக் குறை இல்லை என்றாலும் அதே கணக்குத்தான். இது சராசரி. ஒரு குடும்பத்தில் ஏற்கெனவே ஒடுங்கிய நோய் இருப்பது தெரிந்தால் நிலைமை அடியோடு வேறு: இருவரும் அந்தப் பழுதைச் சுமக்கும் இணையின் ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு. அந்த வீட்டில் அடுத்த சொந்தக் கலியாணத்தைப் பேசுமுன் ஆலோசனை பெறுவது கட்டாயம் என்பதே என் முடிவு.

இவ்வகை நோய்களில் ஒன்று கையிலுள்ள மலிவான மருந்தால் அடங்கக்கூடியது. பிறந்து சில நாட்களில் தொடங்கி எந்த வலிப்பு மருந்துக்கும் கேளாத வலிப்பு சில பிள்ளைகளுக்கு பிரிடொக்சின், அதாவது பி6 விற்றமின் கொடுத்ததும் நின்றுவிடும். 1954ல் இது முதலில் கவனிக்கப்பட்டது. ஏஎல்டிஎச்7ஏ1 என்ற மரபணு 2006ல் பிடிபட்டது. விற்றமினை ஆயுள் முழுதும் எடுக்க வேண்டும். முன்னொரு பிள்ளை காரணம் தெரியாத வலிப்பில் தொட்டிலிலேயே மௌத்தாகியிருந்தால், அடுத்த பிள்ளைக்கு வலிப்பு வந்த முதல் மணி நேரத்திலேயே அதைச் சொல்ல வேண்டியது இதற்காகத்தான்.

இன்னொன்று கொடியது. லஃபோரா நோய். நன்றாகப் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்குப் பதின்ம வயதில் உடல் உதறல், வலிப்பு, இல்லாத உருவங்கள் கண்ணில் தெரிவது என்று தொடங்கி, சில ஆண்டுகளில் அறிவும் நடையும் போய்விடும். ஸ்பானிய வைத்தியர் லஃபோரா 1911ல் விவரித்தார். இதற்குரிய இரு மரபணுக்கள் 1998லும் 2003லும் கண்டறியப்பட்டன. இந்தியாவில் கான்பூர் ஐஐடியில் சுப்பிரமணியம் கணேஷ் நெடுங்காலமாக இதை ஆராய்கிறார். உருவம் தெரிகிறது என்று சொல்லும் பிள்ளையை ஜின் பிடித்ததென்று ஓதிப் பார்க்க அழைத்துச் செல்வதைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஓதுங்கள், வைத்தியசாலைக்கும் அன்றே போங்கள்.

நம் மண்ணுக்கு அருகில் குடும்பவழி வலிப்பின் சான்றுகள் முன்பே உண்டு. பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் நிமல் சேனாநாயக்க, உணவு உண்ணும்போது வரும் வலிப்பு இலங்கையில் குடும்பங்களுக்குள் கூட்டமாகத் தென்படுவதை 1990ல் எழுதினார். தலையில் சுடுநீர் ஊற்றிக் குளிக்கும்போது வரும் வலிப்பைத் தென்னிந்தியாவில் பெங்களூரின் சதீஷ்சந்திரா 1988ல் 279 பேரிடம் விவரித்தார். பிறகு அனுரஞ்சன் ஆனந்தின் ஆய்வுக்கூடம் அத்தகைய குடும்பங்களில் நோயின் இருப்பிடத்தை 4ஆம், 10ஆம் நிறமூர்த்தங்களில் சுட்டியது. இந்தக் கண்டுபிடிப்புகளுக்கெல்லாம் அடிப்படை, குடும்பத்தார் ஒளிக்காமல் பேசியதே.

எங்கள் ஊர்களில் ஏன் ஒளிக்கிறார்கள்? குமர் கரை சேர வேண்டும் என்ற கவலை. ஒரு பிள்ளைக்கு வலிப்பு என்று வெளியே தெரிந்தால் நான்கு சகோதரிகளின் சம்பந்தம் நின்றுபோகும் என்ற பயம் நியாயமற்றதல்ல, நடந்திருக்கிறது. இந்தியாவின் 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டமே வலிப்பைத் திருமணத்துக்குத் தடையாக வைத்திருந்தது, 1999ல்தான் நீக்கினார்கள். ஆனால் பயத்தின் அளவு உண்மையின் அளவுக்கு மிஞ்சியது. வலிப்புள்ள ஒருவரின் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளில் நாற்பது வயதுக்குள் வலிப்பு நோய் வருவோர் 100க்கு 5 பேர் அளவே என்று அமெரிக்காவின் ரொச்செஸ்டர் ஆய்வு கண்டது. 95 பேருக்கு வருவதில்லை.

ஒளிப்பதன் சுமை உம்மாவின் தலையில் இறங்குகிறது. வீடு அவளுடையது, குடி அவளுடையது. ஆகவே குறையும் அவள் வழியே வந்ததாம். புதிதாகத் தோன்றும் மரபணு மாற்றங்களில் நான்கில் மூன்று பங்கு தந்தையின் விந்திலிருந்து வருபவை என்பதை மாமியார்மாரும் மாப்பிள்ளைமாரும் அறிய வேண்டும். அதிலும் வாப்பாவின் பிழை எதுவும் இல்லை. கலம் பிரியும்போது நேரும் எழுத்துப்பிழை அது.

மரபணுவென்று தோன்றும் சில பாதிப்புகள் மருந்தால் வந்தவையாகவும் இருக்கும். வலிப்புக்காக வல்புரோயேட் எடுத்துக்கொண்டே கருத்தரித்த தாயின் பிள்ளைகளில் 100க்கு 10 பேரளவில் பிறவிக் குறைபாடும், 30 முதல் 40 பேருக்கு வளர்ச்சிக் குறைபாடும் காணப்படுகின்றன. "உம்மாவின் நோய் பிள்ளைக்கும் வந்துவிட்டது" என்று ஊர் சொல்லும். கலியாணம் பேசும் வயதிலுள்ள பெண்பிள்ளை இந்த மருந்தில் இருந்தால், நிகாஹுக்கு முன்பே வைத்தியரிடம் பேசி மாற்றவோ குறைக்கவோ வழி பார்க்க வேண்டும். தாமாக நிறுத்தக்கூடாது, திடீரென நிறுத்தினால் வரும் வலிப்பு உயிராபத்தானது.

பரிசோதனை பற்றி அளவோடு எதிர்பார்க்க வேண்டும். கொழும்பு மருத்துவ பீடத்தின் மனித மரபியல் பிரிவு 1983 முதல் இயங்குகிறது. மரபணுக்களின் குறிப்புப் பகுதிகளை ஒன்றாகப் படிக்கும் இன்றைய எக்ஸோம் பரிசோதனை உலகளவில் வலிப்புள்ளோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கே தெளிவான பதில் தருகிறது. சர்வதேசத் தரவுத்தளங்களில் நம் போன்ற தெற்காசியர் குறைவு. அதனால் "பொருள் உறுதிப்படாத மாற்றம்" என்ற பதில் நமக்கு அடிக்கடி வரும். அந்தப் பதிலின் பொருளைத் தெளிவாக்க உதவுவதும் குடும்ப வரலாறுதான்: அதே மாற்றம் வலிப்புள்ள மாமாவிடம் இருக்கிறதா, நலமாயுள்ள சாச்சியிடமும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கருவிலேயே நோய் தெரிந்தாலும், 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின்படி தாயின் உயிரைக் காக்க அன்றிக் கருக்கலைப்புக்கு இலங்கையில் இடமில்லை. எனவே இங்கே மரபணு அறிவின் பயன் மருந்துத் தேர்விலும், பிறந்த குழந்தையை முதல் நாளிலிருந்தே கவனிப்பதிலும், கலியாணத்துக்கு முந்திய ஆலோசனையிலும்தான் இருக்கிறது.

நினைவில் வைத்திருந்தோரை நாம் ஏற்கெனவே நிறைய இழந்துவிட்டோம். 2004 டிசம்பர் 26ல் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோர் கடலுக்குப் பலியானார்கள். யாருக்கு எந்தப் பிள்ளை எந்த மாதத்தில் மௌத்தானது என்று சொல்லக்கூடிய மூத்த பெண்கள் பலர் அவர்களோடு போய்விட்டார்கள். கிளினிக் கொப்பிகளும் போயின. கர்ப்பிணித் தாயின் பதிவட்டையில் உறவுமுறைத் திருமணமா என்ற கேள்வி இருக்கிறது. "குடும்பத்தில் வலிப்பு, காய்ச்சல் வலிப்பு, பேச்சுப் பிந்தியது, காது கேளாமை, காரணம் தெரியாத குழந்தை மரணம்" என்று இன்னும் ஒரு வரியைக் குடும்ப நல உத்தியோகத்தர் வீட்டுக்கு வரும்போது கேட்டு எழுதினால் செலவு எதுவும் இல்லை. சுகாதாரத் துறை இதைச் செய்ய வேண்டும்.

அதுவரை வாசகர்கள் செய்யக்கூடியது உண்டு. வலிப்பு வந்த பிள்ளையின் உம்மம்மா, வாப்பும்மா இருவரிடமும் உட்கார்ந்து, மூன்று தலைமுறையை ஒரு தாளில் வரையுங்கள். யாருக்கு எந்த வயதில் என்ன வந்தது, காய்ச்சலோடா காய்ச்சலின்றியா, யார் சொந்தத்தில் கட்டியது, எந்தப் பிள்ளை மௌத்தானது, எந்த மருந்தில் வலிப்பு கூடியது என்று எழுதுங்கள். அடுத்த கிளினிக்கில் அதை வைத்தியரின் கையில் கொடுங்கள். பிரதி ஒன்றை வீட்டில் வையுங்கள்.